ஆர்பிட்ரேஷன் அவார்டு எங்களுக்கு எதிராக வந்துவிட்டது. அப்பீல் போட்டால் நிற்குமா?

கே.கே.நகர் டீச்சர் (ஆகஸ்ட் 9)

வணக்கம். திருச்சி கே.கே.நகர் பக்கம் வீடு கட்டினோம். கணவர் குவைத்தில் இருக்கிறார். பள்ளிக்கூடம் போன நேரம் போக, வேலையைக் கூட இருந்து பார்த்தது நான்தான். 1,850 சதுர அடி, மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,300 ரூபாய், ஆக 42,55,000. அஸ்திவாரம், பிளிந்த், லிண்டல், ரூஃப், பூச்சு என்று ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் தாமதம் இல்லாமல் பணம் கொடுத்தோம். கடைசி ஸ்டேஜ் 3,50,000 மட்டும் நிறுத்தி வைத்தோம். காரணம், மாடி பாத்ரூம். சங்கன் ஸ்லாபில் (பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட தளம்) வாட்டர்புரூஃபிங் சரியாகச் செய்யாமல் செங்கல் துண்டைக் கொட்டி மூடி டைல்ஸ் போட்டுவிட்டார்கள். கீழே டைனிங் ஹால் சீலிங்கில் உப்பு பூத்து, பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக உரிந்து சாப்பாட்டு மேசை மேல் விழுகிறது. ஒரு பீமில் காங்கிரீட் சரியாக இறங்காமல் கம்பி தெரிந்ததைச் சிமென்ட் பூசி மறைத்திருக்கிறார்கள்.

கான்ட்ராக்டர் சண்டைக்கு வந்தார். அக்ரிமென்ட்டில் ஆர்பிட்ரேஷன் என்று ஒரு ஷரத்து இருந்தது, தகராறு வந்தால் ஆர்பிட்ரேட்டர் என்கிற நடுவர் விசாரித்து அவார்டு, அதாவது தீர்ப்பு, சொல்வார் என்று. அதன்படி அவரே ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை நியமித்து எங்களுக்கு லெட்டர் அனுப்பினார். பாக்கி 3,50,000, எக்ஸ்ட்ரா ஒர்க் 9,20,000 கேட்டார். நாங்கள் பழுது சரிசெய்ய, தாமதத்தால் கொடுத்த வாடகை எல்லாம் சேர்த்து 6,80,000 எதிர்க்கோரிக்கை வைத்தோம்.

இப்போது அவார்டு வந்திருக்கிறது. பாக்கி முழுவதும், எக்ஸ்ட்ரா ஒர்க்கில் 7,90,000, ஆக 11,40,000 நாங்கள் கொடுக்க வேண்டுமாம். பணத்தைக் கட்டித் தீர்க்கும்வரை 18 சதவீத வட்டி. எங்கள் எதிர்க்கோரிக்கைக்கு ஒரே வரி: "நிரூபிக்கப்படவில்லை, தள்ளுபடி." அவ்வளவுதான். நாங்கள் கொடுத்த போட்டோ, வீடியோ பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அக்ரிமென்ட்டில் தெளிவாக இருக்கிறது, எக்ஸ்ட்ரா ஒர்க் எதுவானாலும் ரேட் பேசி ஓனர் கையெழுத்து வாங்கிய பிறகுதான் செய்ய வேண்டும் என்று. ஒரு தாளில்கூட நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. 7,90,000-இல் 3,10,500 என்பது வீடு 1,850 இல்லை, 1,985 சதுர அடி என்று ஆர்பிட்ரேட்டர் கணக்குப் போட்டதால் வந்தது. மீதி சம்ப், காம்பவுண்ட் சுவர், முன்பக்க எலிவேஷன்.

என் கேள்விகள். இதற்கு எங்கே அப்பீல் போடுவது? ஹைகோர்ட்டா? அப்பீல் போட்டால் அவார்டு தானாக நின்றுவிடும் என்று உறவுக்காரர் சொல்கிறார், உண்மையா? இப்போது இன்ஜினியரிங் காலேஜில் சொல்லி கோர் டெஸ்ட் (காங்கிரீட்டைத் துளைத்து எடுத்துச் செய்யும் சோதனை) எடுத்துக் கோர்ட்டில் கொடுக்கலாமா? பணம் கட்டாவிட்டால் வீட்டை ஜப்தி செய்வேன் என்று கான்ட்ராக்டர் ஆள் விட்டுச் சொல்கிறார். ராத்திரி தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

------

ஓய்வு ஏ.இ.இ., தஞ்சாவூர் (ஆகஸ்ட் 9)

டீச்சர், சட்டம் வக்கீல் சொல்லட்டும். நான் பொதுப்பணித்துறையில் காலமெல்லாம் எம்-புக் (அளவுப் புத்தகம்) எழுதியவன், அளவு பற்றி மட்டும் சொல்கிறேன்.

1,850, 1,985. இந்த 135 சதுர அடி எங்கிருந்து முளைத்தது என்று முதலில் பாருங்கள். சதுர அடி ரேட்டில் வீடு கட்டும்போது பெரும்பாலான தகராறு இங்கேதான் வரும். போர்டிகோ, சிட்-அவுட், பால்கனி, ஹெட்ரூம், இவற்றை முழு ரேட்டில் எடுப்பதா, பாதி ரேட்டில் எடுப்பதா, எடுக்கவே கூடாதா என்று அக்ரிமென்ட்டில் எழுதாமல் விட்டுவிடுவார்கள். கடைசியில் டேப்பைப் பிடிக்கிறவர் இஷ்டம். உங்கள் பிளானில் பால்கனியும் போர்டிகோவும் எத்தனை சதுர அடி என்று கூட்டிப் பாருங்கள். 135-க்குப் பக்கத்தில் வந்தால் ஆர்பிட்ரேட்டர் எதைச் சேர்த்தார் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. அவர் எப்போது அளந்தார்? யார் கூட இருந்தார்கள்? அளவுத் தாள் அவார்டோடு இணைத்திருக்கிறதா? அரசு வேலையில் கான்ட்ராக்டர் ஆளை வைத்துக்கொண்டு அளந்து அவர் கையெழுத்தும் வாங்கித்தான் எம்-புக்கில் ஏற்றுவோம். ஒரு தரப்பு இல்லாமல் எடுத்த அளவுக்கு மதிப்புக் கிடையாது. இதை எழுதுங்கள்.

------

கே.கே.நகர் டீச்சர் (ஆகஸ்ட் 9)

நன்றி ஐயா. கேட்டதால் சொல்கிறேன், இது நடந்ததே எனக்கு மாமியார் சொல்லித்தான் தெரியும். ஒரு வேலை நாளில் நான் ஸ்கூலில் இருந்த நேரம் ஆர்பிட்ரேட்டர் வந்திருக்கிறார், கூடவே கான்ட்ராக்டரின் சைட் இன்ஜினியர். மாமியார் யாரோ பெரியவர் என்று உட்கார வைத்து காபி கொடுத்திருக்கிறார். அவர்கள் மாடி, வாசல் எல்லாம் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களுக்கோ எங்கள் வக்கீலுக்கோ முன்கூட்டி ஒரு தகவலும் இல்லை. அளவுத் தாள் எதுவும் கொடுக்கவில்லை. அவார்டில் "நேரில் பார்வையிட்டு அளவெடுத்ததில் 1,985 சதுர அடி எனக் காணப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. வந்தவர் டைனிங் ஹால் சீலிங்கைத் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று மாமியார் சொன்னார்.

------

மதுரை வக்கீல் (ஆகஸ்ட் 10)

டீச்சர், நீங்கள் இரண்டாவதாக எழுதியதுதான் உங்கள் வழக்கு. முதலில் எழுதியதில் முக்கால்வாசியைக் கோர்ட் காது கொடுத்துக் கேட்காது. இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தாலும் இப்போதே சொல்லிவிட வேண்டும். வீடு கட்டிய ஜனங்கள் ஆத்திரத்தோடு ஓடிவந்து, ஒழுகலையும் மணலையும் கம்பியையும் பற்றி நாற்பது பக்கம் மனு எழுதச் சொல்லி, முதல் நாளிலேயே தோற்றுப் போவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆர்பிட்ரேஷன் அவார்டுக்கு நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் அப்பீல் கிடையாது. 1996-ஆம் வருடத்து ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் 34-வது பிரிவு இருக்கிறது. அவார்டை ரத்து செய்யக் கோரும் மனு அது. சாதாரண அப்பீலில் மேல் கோர்ட் சாட்சியத்தைத் திரும்பப் படித்து, "கீழே தவறாக முடிவு செய்துவிட்டார்கள்" என்று மாற்றலாம். 34-இல் அது முடியாது. ஒழுகல் நிஜமா, சிமென்ட் பூசி மறைத்தது நிஜமா என்று நீதிபதி பார்க்கவே மாட்டார். ஆர்பிட்ரேட்டர் சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார், சாட்சியத்தைத் தவறாக எடைபோட்டார் என்பதை மட்டும் காரணமாக வைத்து ரத்து செய்யக் கூடாது என்று 34(2ஏ) பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நீதிபதி பார்ப்பது விசாரணை நியாயமாக நடந்ததா, ஆர்பிட்ரேட்டர் முறையாக வந்தவரா, ஒப்பந்தத்துக்கு உள்ளே நின்றாரா, அவார்டின் முகத்திலேயே தெரிகிற அளவுக்குச் சட்டவிரோதம் இருக்கிறதா என்பவற்றைத்தான்.

அதனால் கோர் டெஸ்ட்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆர்பிட்ரேட்டர் முன் இருந்த ரெக்கார்டை வைத்துத்தான் 34 மனுவை நிரூபிக்க வேண்டும். அவார்டு வந்த பிறகு எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் அந்த ரெக்கார்டில் இல்லை. அவார்டு ரத்தாகி மறுபடி விசாரணை வந்தால் அப்போது எடுக்கலாம், அங்கே உதவும்.

இப்போது அந்தக் காபி கொடுத்த நாளுக்கு வருகிறேன். 24(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். விசாரணைக்கு மட்டுமல்ல, சொத்தையோ பொருளையோ பார்வையிட ஆர்பிட்ரேட்டர் வருவதற்கும் இரு தரப்புக்கும் போதிய முன்னறிவிப்பு கொடுத்தே ஆக வேண்டும். 24(3), அவர் நம்பப்போகிற எந்த நிபுணர் அறிக்கையும் ஆவணமும் இரு தரப்புக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. 18-வது பிரிவு, இரு தரப்பையும் சமமாக நடத்தி, வழக்கைச் சொல்ல முழு வாய்ப்புக் கொடு என்கிறது. உங்கள் ஆர்பிட்ரேட்டர் ஒரு தரப்பு ஆளோடு வந்து, உங்களுக்குச் சொல்லாமல் அளந்து, அளவுத் தாளைக் காட்டாமல், அதை வைத்தே 3,10,500 போட்டிருக்கிறார். "பால்கனியைச் சேர்க்கக் கூடாது" என்று சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. இதற்கு வெளிச் சாட்சியும் தேவையில்லை. நேரில் பார்த்து அளந்தேன் என்று அவரே அவார்டில் எழுதிவிட்டார். மினிட்ஸில் (விசாரணைக் குறிப்பு) நோட்டீஸ் கொடுத்ததாக எதுவும் இருக்காது. 34(2)(ஏ)(iii)-இல் இதைவிட நேரான காரணம் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. விதிமீறல் தெரிந்தும் வாய் திறக்காமல் விசாரணையைத் தொடர்ந்தால் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக 4-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். மாமியார் சொன்ன பிறகு நீங்களோ உங்கள் வக்கீலோ ஆட்சேபம் தெரிவித்தீர்களா? ஒரு மெயில், ஒரு கடிதம், மினிட்ஸில் ஒரு வரி, ஏதாவது?

இரண்டாவது கேள்வி இதைவிடப் பெரியது. ஆர்பிட்ரேட்டரைக் கான்ட்ராக்டர் மட்டுமே நியமித்தார் என்றீர்கள். வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ள ஒரு தரப்பு, தன்னந்தனியாக ஒற்றை ஆர்பிட்ரேட்டரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் சொன்னது. அதற்கு அடித்தளம் போட்டது 2017-இல் டி.ஆர்.எஃப். வழக்கு. அது இரண்டு தனியார் கம்பெனிகளுக்கு இடையிலானது, ஆகவே அரசு கான்ட்ராக்டுக்கு மட்டும்தான் இந்த விதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி வந்தவரை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், தகராறு எழுந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். விசாரணைக்குப் போனதும், பதில் மனு போட்டதும் ஒப்புதல் ஆகாது. பாரத் பிராட்பேண்ட் வழக்கில், 2019-இல், அதையும் தெளிவாக்கிவிட்டார்கள். ஆகவே முதல் சிட்டிங் மினிட்ஸைத் தேடி எடுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது, கீழே யார் கையெழுத்து? அந்தப் பொறியாளர் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் ஆறாவது அட்டவணைப்படி, எனக்கு இந்தக் கான்ட்ராக்டரோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று எழுதிக்கொடுத்தாரா? அவர் முன்பு இவருக்கு டிராயிங் போட்டுக் கொடுத்தவர், கன்சல்டன்டாக இருந்தவர் என்றால் விஷயமே வேறு.

மூன்றாவது, தேதி. இதுதான் எனக்கு உண்மையான கவலை. அவார்டு எந்தத் தேதியில், எந்த வடிவத்தில், யார் கைக்கு வந்தது? உடனே பதில் போடுங்கள்.

------

கே.கே.நகர் டீச்சர் (ஆகஸ்ட் 10)

ஐயா, ஸ்கூல் விட்டு வந்ததும் ஃபைலை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டேன்.

அவார்டு தேதி மே 28. எங்கள் வக்கீலுக்கு மெயிலில் பி.டி.எஃப். வந்தது மே 31. கையெழுத்திட்ட பிரதி பதிவுத் தபாலில் என் கைக்கு வந்தது ஜூன் 14, கவர் வைத்திருக்கிறேன்.

ஆட்சேபம் தெரிவித்தேன். மாமியார் சொன்ன அன்று ராத்திரியே ஆர்பிட்ரேட்டருக்கு மெயில் போட்டேன், இரண்டு பக்க வக்கீல்களுக்கும் காப்பி வைத்து. "என் இல்லத்தில் எனக்கு அறிவிக்காமல் அளவெடுக்கப்பட்டதாக அறிகிறேன். அளவுத் தாளின் பிரதியும், என் முன்னிலையில் மறு அளவீடும் வேண்டுகிறேன்" என்று. பதிலே வரவில்லை.

முதல் சிட்டிங் மினிட்ஸில், "இரு தரப்பினரும் இத்தீர்ப்பாயத்தின் அமைப்பு குறித்து ஆட்சேபம் இல்லை எனத் தெரிவித்தனர்" என்று டைப் செய்திருக்கிறது. கீழே இரு வக்கீல்கள் கையெழுத்து. நான் அன்று அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன், என் கையெழுத்து இல்லை. தொடர்பு இல்லை என்று அவர் எழுதிக்கொடுத்த தாள் ஃபைலில் எதுவும் இல்லை. டிராயிங் விஷயம் எனக்குத் தெரியாது.

------

சரவணம்பட்டி ஓனர் (ஆகஸ்ட் 10)

மேடம், நாங்களும் கோவையில் இதே மாதிரி 34 போட்டவர்கள், வக்கீல் ஐயா சொல்வதில் இரண்டு விஷயத்துக்கு நானே சாட்சி. எங்கள் வழக்கில் நீதிபதி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இந்த ரேட் அனலிசிஸ் உங்களுக்குக் கொடுக்கப்பட்டதா, இல்லையா?" ரேட் எப்படி வந்தது என்கிற கணக்குத் தாள் அது. கொடுக்கப்படவில்லை. அந்தப் பகுதி மட்டும் ரத்தானது. மூன்று வருஷமாக நாங்கள் கத்திக்கொண்டிருந்த எம்-சாண்ட் தரம் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

அவார்டுக்கு ஸ்டே (இடைக்காலத் தடை) தானாக வராது. எங்களைப் பாதித் தொகை டெபாசிட் கட்டச் சொன்னார்கள். அதற்கு இப்போதே ஏற்பாடு பண்ணி வையுங்கள். கடைசி நேரத்தில் நகையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

------

மதுரை வக்கீல் (ஆகஸ்ட் 11)

டீச்சர், நீங்கள் அன்று ராத்திரி போட்ட அந்த மெயில் பெரிய விஷயம். அதை ஹெடர் தெரிகிற மாதிரி பிரிண்ட் எடுத்து வையுங்கள். ஆர்பிட்ரேட்டருக்கே போனதால் அதுவும் ரெக்கார்டின் பகுதிதான். விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு இனி சொல்ல முடியாது.

தேதி: அவார்டு பெற்றதிலிருந்து மூன்று மாதம். 90 நாள் இல்லை, காலண்டர் மாதக் கணக்கில் மூன்று மாதம். அதற்கு மேல் தகுந்த காரணம் காட்டினால் 30 நாள். அந்த 30 தாண்டி ஒரே ஒரு நாள் ஆனாலும் எந்தக் கோர்ட்டாலும் மன்னிக்க முடியாது, சட்டத்தின் வாசகம் அப்படி. கையெழுத்திட்ட பிரதி கட்சிக்காரர் கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு என்பது உங்களுக்குச் சாதகமான சட்டம். வக்கீலுக்குக் கொடுத்தது கட்சிக்காரருக்குக் கொடுத்தது ஆகாது என்று 2012-இல் பெனார்சி கிருஷ்ணா கமிட்டி வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அதன்படி உங்களுக்கு செப்டம்பர் 14 வரை இருக்கிறது. ஆனால் நான் உங்கள் வக்கீலாக இருந்தால் மே 31-ஐ வைத்து எண்ணி, ஆகஸ்ட் 31-க்குள் ஃபைல் செய்து நம்பர் வாங்கிவிடுவேன். நல்ல வழக்கை ஒரு பி.டி.எஃப். தேதிச் சண்டையில் மாட்டிவைக்க வேண்டாம். மனுப் போடும் முன் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பி அதற்கு அஃபிடவிட்டும் இணைக்க வேண்டும், 34(5). அது கட்டாயமில்லை என்று தீர்ப்பு இருந்தாலும் அனுப்பிவிடுங்கள். ஒரு தபால் செலவுதான்.

எங்கே? அக்ரிமென்ட்டில் ஆர்பிட்ரேஷன் இடம் திருச்சி என்றால் நேராக ஹைகோர்ட் இல்லை. திருச்சி மாவட்ட நீதிமன்றம்தான். கட்டுமான ஒப்பந்தமாக இருப்பதால் வணிக வழக்காகப் பதிய வேண்டுமா என்று உங்கள் வக்கீல் முதலிலேயே பார்த்துவிடட்டும். 34-இல் வரும் உத்தரவுக்கு எதிராகத்தான் 37-வது பிரிவில் அப்பீல், அது ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு வரும்.

ஜப்தி மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். 34 போடுவதற்கான காலம் முடியும்வரை அவார்டை நிறைவேற்ற அவரால் மனுவே போட முடியாது, 36(1). ஆனால் காலம் முடிந்த மறுநாள் போடலாம். 2015 அக்டோபர் திருத்தத்துக்கு முன்னால் 34 போட்டாலே அவார்டு நின்றுவிடும். உங்கள் உறவுக்காரர் சொல்வது அந்தக் காலத்துச் சட்டம். இப்போது தனியாக ஸ்டே மனு வேண்டும், சரவணம்பட்டி நண்பர் சொன்ன மாதிரி பணம் கட்டச் சொல்வார்கள். பாதி கேட்பது சகஜம், முழுத் தொகையும் கேட்ட வழக்குகள் உண்டு. வட்டியையும் கணக்கில் வையுங்கள். 11,40,000-க்கு 18 சதவீதம் என்றால் மாதம் 17,100 ரூபாய் ஏறிக்கொண்டிருக்கிறது.

இனி உங்கள் காரணங்களை நான் எந்த வரிசையில் வைப்பேன் என்று சொல்கிறேன்.

முதலில் ஆர்பிட்ரேட்டர் நியமனம். இது நின்றால் அவார்டு முழுவதும் போகும். மினிட்ஸில் இருக்கிற அந்த "ஆட்சேபம் இல்லை" வரியைத்தான் எதிர்த்தரப்பு கேடயமாகப் பிடிக்கும். எழுத்தில் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது என்பார்கள். நம் பதில்: வெளிப்படையான எழுத்து ஒப்பந்தம் தரப்பினருக்கு இடையே இருக்க வேண்டும். தன் தகுதியின்மையை ஆர்பிட்ரேட்டர் சொல்லவே இல்லாதபோது, டைப் செய்து வைத்த வழக்கமான ஒரு வரி, தகுதியில்லாத ஆர்பிட்ரேட்டரை மறுக்க 12(5) பிரிவில் இருக்கிற உரிமையை விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் ஆகாது. இதில் கோர்ட்டுகள் ஒரே மாதிரி போகவில்லை என்பதால் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லாமல் விடக் கூடாத வாதம். இரண்டு மூன்று பில்டிங் அப்ரூவல் பிளானில் அந்தப் பொறியாளர் பெயரும் இந்தக் கான்ட்ராக்டர் பெயரும் சேர்ந்து இருக்கிறதா என்று யாரையாவது விசாரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சொல்லாமல் வந்து அளந்தது. இதில் நீங்கள் ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இதன் வீச்சைப் புரிந்துகொள்ளுங்கள். அவார்டைக் கோர்ட் திருத்தவே கூடாது என்று 2021-இல் ஹக்கீம் வழக்கில் சொல்லியிருந்தார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று காயத்ரி பாலசாமி வழக்கில், அதுவும் சென்னையிலிருந்து போனதுதான், ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாக அதைத் தளர்த்தியது. பிரிக்க முடிகிற பகுதியைப் பிரித்து ரத்து செய்யலாம், கணக்குப் பிழையைத் திருத்தலாம், அவார்டுக்குப் பிந்தைய வட்டியை மாற்றலாம். ஆகவே நீதிபதி 3,10,500-ஐ மட்டும் வெட்டிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க, அதே நாளில் அதே ஆளோடு பார்த்துவிட்டுத்தான் சம்ப், காம்பவுண்ட், எலிவேஷனுக்கும் மதிப்புப் போட்டார், ஒழுகலைப் பார்க்காமல் எதிர்க்கோரிக்கையைத் தள்ளினார் என்று அவார்டின் பத்திகளை வைத்தே காட்ட வேண்டும். 18 சதவீத வட்டியைக் குறைக்கக் கேட்பதற்கும் இதே தீர்ப்பு உதவும். அவார்டில் வட்டி விகிதம் சொல்லாவிட்டால் நடப்பு வட்டிக்கு மேல் 2 சதவீதம் என்பதுதான் 31(7)-இல் இருக்கிற அளவு.

பிறகு அந்த ஒற்றை வரித் தள்ளுபடி. அவார்டில் காரணம் சொல்ல வேண்டும் என்பது 31(3). 6,80,000 கேட்டு, போட்டோவும் வாடகை ரசீதும் கொடுத்து, "நிரூபிக்கப்படவில்லை" என்று மட்டும் எழுதினால் அது காரணம் இல்லை. 2019-இல் டைனா டெக்னாலஜீஸ் வழக்கில், காரணங்கள் முறையானவையாகவும் புரியும்படியும் போதுமானவையாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். எதிர்த்தரப்பு 34(4)-ஐக் காட்டி, ஆர்பிட்ரேட்டருக்கே திருப்பி அனுப்புங்கள், காரணம் எழுதித் தரட்டும் என்று கேட்கலாம். கடுமையாக எதிர்க்கச் சொல்லுங்கள். நியமனமே கேள்வியில் இருக்கும்போது அவரிடமே திரும்பப் போவது உங்களுக்கு நல்லதில்லை.

கடைசியில்தான் கையெழுத்தில்லாத எக்ஸ்ட்ரா ஒர்க். உங்கள் மனசுக்கு இதுதான் பெரிய அநியாயம், தெரியும். ஆனால் அந்த ஷரத்தை ஆர்பிட்ரேட்டர் படித்து, வாட்ஸ்அப்பில் ஓனர் சரி சொன்னதால் எழுத்து ஒப்புதல் ஆகிவிட்டது என்று விளக்கம் சொல்லியிருந்தால், அந்த விளக்கம் தவறாகவே இருந்தாலும் கோர்ட் தொடாது. அந்த ஷரத்தையே கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிருந்தால் தொடலாம், 28(3) ஒப்பந்தத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அவார்டில் அந்த ஷரத்து எண் எங்காவது வருகிறதா?

------

கே.கே.நகர் டீச்சர் (ஆகஸ்ட் 11)

தேடிவிட்டேன் ஐயா. ஷரத்து 14 என்று ஒரே இடத்தில் வருகிறது, கான்ட்ராக்டர் சொன்னதைச் சுருக்கி எழுதும் இடத்தில். முடிவு சொல்லும் பகுதியில் இல்லவே இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் என் கணவர் காம்பவுண்ட் சுவருக்கு "சரி, போட்டுடுங்க" என்று சொன்னது இருக்கிறது. சம்ப்புக்கும் எலிவேஷனுக்கும் ஒன்றும் இல்லை.

------

மதுரை வக்கீல் (ஆகஸ்ட் 11)

அப்படியானால் இதையும் சேர்க்கலாம். காம்பவுண்ட் சுவரை விட்டுவிடுங்கள், அது வேலை செய்ததும் உண்மை, நீங்கள் சரி என்றதும் உண்மை. சம்ப்பையும் எலிவேஷனையும் மட்டும் பிடியுங்கள். மனு பன்னிரண்டு, பதினைந்து பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு காரணத்துக்குக் கீழும் அவார்டின் பத்தி எண், மினிட்ஸ் தேதி, மெயில் தேதி இருக்கட்டும்.

அவார்டு ரத்தானால் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று முடிந்துவிடாது. தகராறு பழைய இடத்துக்குத் திரும்பும், இரு தரப்பும் சம்மதித்தோ கோர்ட் மூலமோ புது ஆர்பிட்ரேட்டர் வருவார். இதுவரை போன காலம் லிமிட்டேஷன் (வழக்குக்கான காலக்கெடு) கணக்கில் சேராது, 43(4). அந்த விசாரணைக்குத்தான் கோர் டெஸ்ட், ஒழுகல் ரிப்போர்ட் எல்லாம். நடுவில் 3,50,000 பாக்கியை ஒட்டிக் கான்ட்ராக்டர் பேச்சுக்கு வந்தால் கதவை அடைக்காதீர்கள்.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. இன்னும் ஆர்பிட்ரேஷனுக்குப் போகாதவர்கள், அக்ரிமென்ட்டில் அந்த ஷரத்து இருக்கிறதே என்று அடங்கிவிட வேண்டாம். அது இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அக்ரிமென்ட் இன்னும் போடாதவர்கள், ஆர்பிட்ரேட்டரைக் கான்ட்ராக்டர் நியமிப்பார் என்கிற வரியை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

------

ஓய்வு ஏ.இ.இ., தஞ்சாவூர் (ஆகஸ்ட் 12)

டீச்சர், பிளான் காப்பியில் பால்கனி, போர்டிகோ அளவை மட்டும் போட்டோ எடுத்துப் போடுங்கள். பெயர், சர்வே நம்பர் எல்லாம் மறைத்துவிடுங்கள். 135 எப்படி வந்தது என்று ஒரு ஷீட் போட்டுத் தருகிறேன். கோர்ட்டில் கொடுக்க முடியாவிட்டாலும் உங்கள் வக்கீல் வாதம் செய்யும்போது கையில் இருக்கட்டும். மாடி பாத்ரூமை அதுவரை உபயோகிக்காதீர்கள். கம்பி வரை ஈரம் இறங்கினால் ஸ்லாப் கெட்டுவிடும்.

------

கே.கே.நகர் டீச்சர் (ஆகஸ்ட் 12)

பால்கனி 84, போர்டிகோ 51 ஐயா. கூட்டினால் சரியாக 135. படம் இணைத்திருக்கிறேன். மதுரை ஐயா சொன்ன வரிசையிலேயே எழுதி நாளைக்கு எங்கள் வக்கீலைப் பார்க்கிறேன். நோட்டீஸ் இந்த வாரமே போய்விடும். ஸ்டே டெபாசிட்டுக்குக் கணவரிடம் சொல்லியாயிற்று.